ஏழாவது உறை

கண்ணாடிக்காரர் அன்றைக்கு ஒரு வீர முடிவோடு எழுந்தார். ஏழாவதை இன்றைக்கு வீட்டுக்குள் கொண்டுவந்தே தீருவது. திருட்டுத்தனமாக இல்லை. பட்டப்பகலில், வாசல் வழியாக, பெண்டாட்டியின் கண் முன்னால், சட்டப்படி.

எது ஏழாவது? அதைச் சொல்லாமல் கதை நகராது. ஹார்ப் கிட்டார் என்று ஒரு வாத்தியம் இருக்கிறது. சாதாரணக் கிட்டாருக்கு ஒரு கழுத்து, ஆறு கம்பி. பிழைக்கத் தெரிந்தவன் அதோடு நிறுத்திக்கொள்வான். இதற்கோ தோளிலிருந்து இன்னொரு கை முளைத்திருக்கும். அந்தக் கையிலிருந்து நாலோ ஐந்தோ பத்தோ தடித்த கம்பிகள் அந்தரத்தில் இறங்கும். அவற்றை விரலால் அழுத்த வேண்டியதில்லை. சும்மா மீட்டினால் போதும், 'தொம்' என்று கனமாக ஒரு நாதம் வரும். வரும் என்று சொல்கிறார்கள். கண்ணாடிக்காரர் வீட்டில் ஆறு இருந்தன. பதினோரு வருஷத்தில் ஒரு தொம் கூட யார் காதிலும் விழுந்ததில்லை.

காரணம் எளிது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் கிடையாது. அவருக்கு வேண்டியது வடிவம். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்பதுதான் இந்த வாத்தியத்தின் பெருமை. செய்தவன் ஒவ்வொருவனும் தன் மனசுக்கு வந்தபடி கையை வளைத்திருக்கிறான். ஒன்றில் கை உள்ளே குடைந்து உடம்போடு சேர்ந்து வளைந்திருக்கும். ஒன்றுக்குக் கழுத்தே இரண்டு. ஒன்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கொம்பு, அந்தப் பக்கம் ஒரு கொம்பு. இப்படிப் பைத்தியம் பிடித்தவர்கள் ஊருக்கு ஒருவராகச் சேர்ந்து ஒரு சங்கம் வேறு வைத்திருந்தார்கள். படம் அனுப்புவார்கள், அளவு அனுப்புவார்கள், 'இது கை, இது கையில்லை, வெறும் கொம்பு' என்று சண்டை போடுவார்கள். வாசிப்பது பற்றி ஒரு பேச்சு வராது.

அந்த ஆறும் இருந்தது முன்னறையில். வீட்டிலேயே ஜன்னல் உள்ள ஒரே அறை. காலையிலிருந்து நாலு மணி வரை வெயில் நேராக விழும். ஒரு காலத்தில் அங்கே அவர் மனைவியின் தையல் மிஷின் இருந்தது. அந்த அம்மாள் தையல்காரி. ரவிக்கை, பள்ளிச் சீருடை, கிழிந்த பை, எது வந்தாலும் தைப்பாள். முதல் ஹார்ப் கிட்டார் வந்த மறுவாரம், அதன் வயிற்று ஓட்டைக்குள் ஒரு நூல் துண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டார் மனுஷன். அவ்வளவுதான். மிஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள நடைக்குப் போனது. வெறும் வாயால் சொன்னால் போதாது என்று ஒரு காகிதத்தில் எழுதி, தானும் கையெழுத்துப் போட்டு, அவளிடமும் வாங்கிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்: 'இந்த அறையில் ஹார்ப் கிட்டார் தவிர வேறு எந்தப் பொருளும் வைக்கக் கூடாது.'

நடையில் ஜன்னல் கிடையாது. ஒரு மஞ்சள் பல்பு உண்டு. அதுவும் நினைத்தால் எரியும்.

"ஏங்க, ஊசியில நூல் கோக்க முடியலைங்க. இருட்டா இருக்கு."

"எங்க, கண்ணைக் காட்டு."

கண்ணாடிக் கடையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து இருபது வருஷமாக லென்ஸ் தேய்க்கிறவர் அல்லவா! காட்டினாள். பார்த்தார். மறுநாள் புதுக் கண்ணாடியோடு வந்தார்.

"பவரை ஏத்தியிருக்கேன். போட்டுக்க."

"ஜன்னல் பக்கம் ஒரு ஓரமா உட்கார்ந்துக்கறேன்னுதாங்க கேட்டேன்."

"அதுக்குத்தான் பவரை ஏத்தியிருக்கேன்ல?"

இப்படி மூன்று தடவை ஏற்றினார். கடைசிக் கண்ணாடி சோடா பாட்டில் அடிபோல இருந்தது. ஊருக்கெல்லாம் பார்வை சரி பண்ணுகிற மனுஷனுக்குத் தன் வீட்டில் எது இருட்டு என்று தெரியவில்லை. கோபம் வருகிறது, என்ன செய்ய?

இதில் இன்னொரு கொடுமை. ஆறு வாத்தியத்துக்கும் துணி உறை தைத்தது யார்? அதே இருட்டில் உட்கார்ந்து அதே அம்மாள். கடையில் விற்கிற உறை எதுவும் அந்த வடிவங்களுக்குச் சேராது. அவள்தான் ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளந்து, கைக்குத் தனி, கொம்புக்குத் தனி என்று வெட்டித் தைத்தாள். உறை நன்றாக இருக்கிறது என்று சங்கத்துக்காரர்களும் தைக்கக் கொடுத்தார்கள். அளவைத் தொலைபேசியில் நேராக அவளிடமே சொன்னார்கள். அதில் கண்ணாடிக்காரருக்குப் பெருமைதான். தன் புகழ் பரவுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆறாவது வந்த அன்று அவள் சண்டை போடவில்லை. பேனாவை எடுத்தாள். கதவில் இருந்த காகிதத்தில் இரண்டாவது வரி எழுதினாள்: 'இனி இந்த வீட்டுக்குள் ஒரு ஹார்ப் கிட்டாரும் வரக் கூடாது.' கையெழுத்துப் போடுங்கள் என்று நீட்டினாள். மனுஷன் போட்டார். முதல் வரியைக் காப்பாற்ற வேண்டுமே!

பிறகுதான் ஒரு பழைய சாமான் கடையில் ஏழாவதைப் பார்த்தார். பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. வாங்கி மருந்துக்கடைக்காரரின் பின்னறையில் ஒளித்துவைத்தார். அவரும் சங்கத்து ஆள்தான். கண்ணாடிக்காரர் ஒரு மாதம் யோசித்தார். அப்புறம்தான் அந்த அற்புதமான குயுக்தி உதித்தது. ஏழாவதில் கூடுதல் கம்பிகள் பன்னிரண்டு இருந்தன, ஆனால் எல்லாம் வயிற்றுக்குள்ளே. வெளியே மீட்டினால் உள்ளே தானாக அதிருமே தவிர, விரல் வைக்க முடியாது. சங்கத்து விதிப்படி அப்படிப்பட்டது ஹார்ப் கிட்டாரே இல்லை! ஹார்ப் கிட்டார் இல்லாத ஒன்று வீட்டுக்குள் வர என்ன தடை?

தீர்ப்புச் சொல்லத் தலைவரையே வரவழைத்தார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் அவருக்கு 'அளவுகோல்' என்று பெயர். பெற்ற பிள்ளையின் திருமணத்திலும் பந்தலை அளந்துவிட்டுத்தான் உட்கார்ந்தார் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவரும், வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்காரரும் வந்து சேர்ந்தார்கள்.

தையல்காரம்மா தேநீர் கொடுத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அதைப் பார்த்தாவது மனுஷன் பயந்திருக்க வேண்டும்.

"பாரும்மா," என்று தொண்டையைச் செருமினார் கண்ணாடிக்காரர். "உனக்கு நான் கொடுத்த வாக்கை மீற மாட்டேன். இது ஹார்ப் கிட்டாரே இல்ல. ஐயா சொல்லட்டும், நீயே கேளு."

அளவுகோல் குனிந்து பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.

"மூணு கேள்விதாம்மா. கூடுதல் கம்பி இருக்கா? இருக்கு. அது விரல் அழுத்துற பலகைக்கு வெளியே அந்தரத்துல நிக்குதா? இல்ல. சுருதி சேர்த்துத் தனியா மீட்ட முடியுமா? முடியாது. மூணுல ஒண்ணு தவறினாலும் தள்ளுபடி. இது ஹார்ப் கிட்டார் இல்ல."

"சத்தியமா இல்லீங்களே?" என்றாள்.

"எழுதியே கொடுக்கிறேன்."

எழுதிக் கொடுத்தார். கண்ணாடிக்காரருக்கு மீசை துடித்தது. ஏழாவதைத் தூக்கிக்கொண்டு நேராக முன்னறைக்கு நடந்தார். வாசலில் அவள் நின்றாள்.

"எங்கங்க போறீங்க?"

"வைக்கத்தான்."

"இதுல ஹார்ப் கிட்டார் மட்டும்தானே வைக்கலாம்? முதல் வரி. உங்க கையெழுத்து."

மருந்துக்கடைக்காரர் சட்டென்று தேநீரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் விழித்தார். ஆனாலும் தோற்றவராகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி, படுக்கையறையில வெச்சுக்கறேன். ஒரே ஒரு பொருள்தானே?"

"வெச்சுக்குங்க, நான் வேண்டாம்னா சொன்னேன்?" என்றவள் அளவுகோல் பக்கம் திரும்பினாள். "ஐயா, இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. மத்த ஆறையும் ஒரு பார்வை பாத்து எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்களேன். இவர் எப்பவும் படம்தானே அனுப்புவார்? நீங்க நேர்ல பாத்ததே இல்லையே."

"எதுக்கும்மா அதெல்லாம்? ஐயாவுக்கு நேரமாச்சு," என்றார் கண்ணாடிக்காரர்.

அளவுகோலின் காதில் அது விழவே இல்லை. அளக்க ஒரு பொருள் கிடைத்தால் அந்த மனுஷன் வீட்டுக்குப் போவாரா? செருப்பைக் கழற்றிவிட்டு முன்னறைக்குள் போய்விட்டார். தையல்காரம்மா ஒவ்வொரு உறையாகக் கழற்றினாள்.

முதலாவது, குடைந்த கை.

"கை நல்லாத்தான் இருக்கு. கம்பி எங்கே?"

"கம்பி கட்ட ஆணியே இல்லீங்க. உறை தைக்க அளவெடுக்கும்போதே பாத்தேன்."

"அலங்காரக் கை. தள்ளுபடி."

இரட்டைக் கழுத்துக்காரன் சோதனையில் நிற்கவே இல்லை. இரண்டு கழுத்திலும் விரல் பலகை இருந்தது. அந்தரத்தில் ஒன்றும் இல்லை. கொம்பு வைத்ததில் கொம்பு இருந்தது, அவ்வளவுதான்.

"என்னய்யா நீர், படத்துல ஒரு பக்கம்தானே காட்டினீர்?" என்று அளவுகோல் முறைத்தார்.

நாலாவதும் ஐந்தாவதும் அசல். கையும் உண்டு, ஆணியும் உண்டு. கம்பிதான் இல்லை.

"கம்பி இழுத்தா பலகை வளைஞ்சிடும்னு கழட்டி வெச்சிருக்கேன்," என்றார் கண்ணாடிக்காரர். குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. "மாட்டிட்டா ஆச்சு."

"எங்கே கொண்டாரும்."

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"நீங்கதானே தூக்கிப் போடுன்னீங்க? குளியலறைத் திரை அதுலதாங்க தொங்குது. ஒன்பது வருஷமாச்சு, துருப்பிடிக்கவே இல்ல. நல்ல கம்பி."

அளவுகோல் எழுந்து போய் குளியலறைத் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. இரண்டையும் தள்ளுபடி என்று எழுதினார்.

ஆறாவது மிச்சம். கண்ணாடிக்காரரின் உயிர் அதில்தான் இருந்தது. கையில் ஐந்து தடித்த கம்பிகள், அந்தரத்தில், பளபளவென்று. எந்தக் கேள்விக்கும் அது பதில் சொல்லும். ஒன்று நின்றால் போதும், அறை அறையாக இருக்கும், காகிதம் காகிதமாக இருக்கும். மிஷின் நடையிலேயே கிடக்கும். அவளுக்கும் அது தெரியும்.

"ஆஹா," என்றார் அளவுகோல். "கம்பி இருக்கு. அந்தரத்துல நிக்குது. சுருதி சேர்த்து ஒரு மீட்டு மீட்டிட்டா முடிஞ்சுது."

முறுக்காணியைப் பிடித்துத் திருப்பினார். திரும்பவில்லை. அடுத்ததைத் திருப்பினார். இரண்டு கையாலும் திருப்பினார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"என்னய்யா இது?"

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார்.

"ஃபிரேம் ஒட்டுற பசைங்க," என்றாள் அவள். "நான் தூசி தட்டும்போது ஆணியைத் திருப்பிடுவேனாம். அதனால அஞ்சையும் ஒட்டிட்டார். கண்ணாடி உடைஞ்சாலும் அந்தப் பசை விடாதுங்க."

கண்ணாடிக்காரர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். கிட்டாரை மடியில் வைத்துக் கம்பியைத் தட்டினார். 'தொம்' வரவில்லை. ஈரத் துணியை உதறினமாதிரி ஒரு சத்தம் வந்து செத்தது.

"ஏய்யா, கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டார் அளவுகோல்.

"பத்தொன்பது."

"இந்த அம்மாவுக்கு ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டியிருக்கீரா?"

"கேட்டேங்க, முதல் கிட்டார் வந்த வருஷம்," என்றாள் அவள். "அப்புறம் கேக்கல."

அளவுகோல் பேனாவை மூடினார். அந்த ஆறுக்கும் ஏழாவதுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. கீழே தேதி, கையெழுத்து. அந்த வீட்டில் ஹார்ப் கிட்டார் என்று ஒன்று கிடையாது.

அவர்கள் போனதும் கண்ணாடிக்காரர் குழைந்தார்.

"ஏம்மா, வெளியாள் முன்னாடி இப்படியா? எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்றியா?"

"நான் எதுக்குங்க போடச் சொல்றேன்? வீட்டுல இருக்கட்டும். அந்த அறையில இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நீங்க எழுதினது."

"வேற எங்க இடம் இருக்கு? படுக்கையறையில ஏழும் கொள்ளாதே."

அவள் நடைக்குப் போனாள். மிஷினை நடையிலிருந்து தள்ள ஆரம்பித்தாள். பதினோரு வருஷமாக உருளாத கால் சக்கரங்கள் கிறீச்சிட்டன. அவரும் ஒரு பக்கம் பிடித்தார், பிடிக்காமல் என்ன செய்வார்? ஜன்னலடியில் மிஷினை நிறுத்திவிட்டு அவள் துணிமூட்டையிலிருந்து எதையோ உருவி அவர் கையில் கொடுத்தாள். உறை. பிரித்துப் பார்த்தார். ஏழாவதின் மேல் போட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"இது... எப்போ தைச்ச?"

"போன மாசம். மருந்துக்கடைப் பின்னறையில இருக்குன்னு தலைவர் ஐயாதான் ஃபோன்ல அளவு சொன்னார். வந்த உடனே தூசி படக் கூடாதாம்."

மத்தியானத்துக்குள் ஏழும் நடைக்கு வந்துவிட்டன. ஒன்றின் கை இன்னொன்றின் கொம்பில் இடித்தது. குளியலறையிலிருந்து தண்ணீர் தெறித்தது. மஞ்சள் பல்பு இரண்டு தடவை சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. கண்ணாடிக்காரர் உறைகளைத் தடவித் தடவிப் பார்த்தார். எது குடைந்த கை, எது இரட்டைக் கழுத்து என்று அவருக்கே தெரியவில்லை. அழுகை வரும்போல் இருந்தது.

முன்னறையில் வெயில் நிறைந்து கிடந்தது. அவள் சோடா பாட்டில் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் திண்டில் வைத்தாள். ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். நூல் முதல் தடவையிலேயே உள்ளே போனது.

"ஏம்மா," என்று நடையிலிருந்து குரல் வந்தது. "இங்க ஒண்ணுமே தெரியலையே. இந்த இருட்டுல நான் எப்படி இதுங்களைப் பாக்கிறது?"

அவள் தலை நிமிரவில்லை.

"பவரை ஏத்திப் போட்டுக்குங்க."