ஆணி இருக்கிறது, சாவி எங்கே அத்தான்?

மார்ச் 14, சனிக்கிழமை, மாலை 4.20. கைவசம் இருப்பவை: முன்பதிவு ரசீது ஒன்று, சாவி மாட்டுவதற்கென்று அப்பா சுவரில் அடித்த ஆணி ஒன்று, கார் பூஜ்யம்.

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

மச்சினன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் குட்டியும் இன்னும் நன்றாகவே இருப்பீர்கள், ஏனென்றால் உங்கள் வீட்டில் கார் இருக்கிறது. சம்பிரதாயம் முடிந்தது. போனில் கேட்டால் "லைன் சரியில்ல மாப்ள" என்று வைத்துவிடுகிறீர்கள். பின்னால் அக்கா பாத்திரம் கழுவுவதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. அதனால்தான் கடிதம். இதில் லைன் போகாது.

ஆகஸ்டில் இங்கே வந்திருந்தபோது, கூடத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "எங்க கம்பெனி சின்ன எலெக்ட்ரிக் கார புக் பண்ணுங்க மாமா, அடுத்த மாசம் வாசல்ல நிக்கும்" என்று அப்பாவிடம் சொன்னது நீங்கள். நீங்கள் அந்தக் கம்பெனியில் கதவு ஓரத்து ரப்பரைப் பார்த்துக்கொள்கிறவர் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எந்தக் கார் எப்போது வரும், எதை நிறுத்தப் போகிறார்கள் என்பதெல்லாம் ரப்பருக்குத் தெரியாது. அப்பாவுக்கோ கம்பெனி என்றாலே நீங்கள்தான். "மாப்பிள்ளயே சொல்லிட்டார்டா" என்று மறுவாரமே பழைய காரை விற்றுவிட்டார். கண் டாக்டர் அவரை இனி ஓட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார் என்பதால் நானும் தடுக்கவில்லை.

இனி ஓட்ட வேண்டியது அம்மா. ஆஸ்பத்திரி லேபில் அவளுக்குக் காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு, முதல் பஸ் ஆறே முக்காலுக்கு. டாக்சிக்காரர் வாரத்தில் மூன்று நாள் வருகிறார், எந்த மூன்று நாள் என்று அவருக்கே தெரியாது. என் பைக்கில் ஏறினால் அம்மாவின் முழங்கால் இறங்க மறுக்கிறது. அதே முழங்கால் கிளட்ச்சையும் மிதிக்காது, ஆகவே கியர் இல்லாத கார் வேண்டும். எங்கள் கட்டடத்தில் கார் நிறுத்த நமக்கு ஒதுக்கிய இடம் ஒரு தூணுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில். டேப் வைத்து அளந்துவிட்டேன். அந்தச் சின்னக் காரைத் தவிர எதை நுழைத்தாலும் ஓட்டுகிறவர் உள்ளேயே குடியிருக்க வேண்டியதுதான். விலையும் நமக்கு எட்டுவது அது ஒன்றுதான். இத்தனையும் யோசித்து அம்மா ஐம்பத்து நாலு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் தடவையிலேயே பாஸ் செய்து, லைசென்ஸைக் கைப்பையில் வைத்துக்கொண்டு டாக்சிக்காக நிற்கிறாள். போன வாரம் லேப் மேலதிகாரி கூப்பிட்டு, "மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லுங்கம்மா. காலைல நேரத்துக்கு வர முடியுமா, இல்ல ஓய்வு வாங்கிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்கு ஓய்வு என்றால் அப்பாவோடு நாள் முழுக்க வீட்டில் இருப்பது. அதை அவள் தண்டனை என்றே கருதுகிறாள்.

நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பட்டனை அமுக்கினால் வரவேண்டும். வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று ஒரு விளக்காவது எரியவேண்டும். உங்கள் ஷோரூமில் விளக்கும் இல்லை. முதலில் ஏதோ ஒரு சிப் வரவில்லை என்றார்கள், பிறகு சிப் வந்துவிட்டது, கப்பல் வரவில்லை என்றார்கள், கப்பலும் வந்த பிறகு அங்கே டை கட்டிய பையன், "அடுத்த காலாண்டு சார்" என்றான்.

"போன காலாண்டுலயும் இதத்தானே சொன்னீங்க?"

"அது அந்தக் காலாண்டோட அடுத்த காலாண்டு சார்."

இதற்குள் நான் முட்டாள்தனமாகக் கீழே சார்ஜ் பண்ணும் பிளக்கையும் மாட்டி வைத்திருந்தேன். இப்போது அதில் கீழ்க்கடைத் தையல்காரரின் இஸ்திரிப்பெட்டி சுடுகிறது.

அப்பா சும்மா இருந்தால் பரவாயில்லை. "என்னாச்சுன்னு பாத்துட்டு வரேன்" என்று தினமும் ஷோரூமுக்குப் போக ஆரம்பித்தவர், பிறகு மதியச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். ஒருநாள் நான் போய்ப் பார்த்தால், ஓட்டிப் பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் அதே மாடல் மஞ்சள் காரின் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு தம்பதிக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்: "பின்னாடி ரெண்டு பெட்டி தாராளமா போகும். மூணாவது பெட்டின்னா மாமியார எறக்கி விட்ரணும்." அந்த அம்மாள் என்னிடம், "உங்க மேனேஜர் நல்லா பேசறாருங்க" என்றாள். உண்மையான மேனேஜர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அப்பாவின் டப்பாவிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் ஒரே ஒரு கார் வந்தது. நம் முறை. அப்பா போன் செய்தார்.

"டேய், வண்டி வந்துருச்சுடா."

"அப்பா, சூப்பர். எப்ப எடுக்கறோம்?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"ரெட்டைக் குழந்தைக்காரங்கடா. ஒண்ண தோள்ல, ஒண்ண இடுப்புல தூக்கிக்கிட்டு நிக்கறாங்க, பாக்க முடியல. நமக்கென்ன, அடுத்தது வந்துரும். மாப்பிள்ள இருக்கார்ல."

அம்மா சாவிக்கான ஆணியில் வெங்காயப் பையை மாட்டினாள்.

அடுத்தது வரவில்லை அத்தான். போன செவ்வாய்க்கிழமை மேனேஜர் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்தச் சின்னக் காரையே இனிமேல் செய்யப்போவதில்லை என்றார். அதற்குப் பதிலாகப் பெரியது வருகிறதாம். "எல்லாரும் பெருசாத்தான் சார் கேக்கறாங்க." நான் விடவில்லை. "யாரு கேட்டா? ஏழு மாசமா நாங்க சின்னத கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கோமே, அது உங்க காதுல விழலியா?" அவர் தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அந்த மஞ்சள் காரையும் இந்த மாதம் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

திரும்பி வரும் வழியில் அப்பா மெதுவாக, "அந்த மஞ்சளையே கேட்டுப் பாக்கலாமாடா?" என்றார். எனக்கு வந்ததே கோபம். ஊரில் இருக்கிற அத்தனை பேரும் பிரேக்கை மிதித்துப் பழகிய வண்டி. பேட்டரி பாதி செத்திருக்கும். நிறம் வேறு வைட்டமின் மாத்திரை மாதிரி. புத்தியுள்ளவன் எவனும் அதைத் தொடமாட்டான் என்று நடுரோட்டில் நின்று பாடம் எடுத்தேன். அதிலிருந்து நான் மாறமாட்டேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். தொழிற்சாலையில் ஏதாவது மூலையில் ஒரு சின்னக் கார் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அப்பாவைக் கூப்பிட்டு, "மாமா, நான் வெறும் ரப்பர்தான்" என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் பொறாமை என்கிறார்.

அக்காவுக்கு என் அன்பு. குட்டி நன்றாக வளரட்டும், வளர்ந்து சைக்கிள் ஓட்டட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது கீழே ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்தால் தூணுக்கும் தொட்டிக்கும் நடுவில் அந்த மஞ்சள் கார், டிரைவர் சீட்டில் அம்மா. ஒரே தடவையில் உள்ளே விட்டிருக்கிறாள். அவளும் அப்பாவும் கடைக்குப் போகிறோம் என்று என்னிடம் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பா பேசியே பதினொரு பேர் புக் செய்தார்களாம்; அந்த நன்றிக்கு மேனேஜர் கம்பெனியிடம் சண்டை போட்டு வண்டியை நமக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். பேட்டரியை நானே சோதித்தேன். புதிதுபோல் இருக்கிறது, என்ன செய்வது. ஒரே ஒரு கோளாறு. வழியில் மழை, அம்மாவின் மடி முழுக்க நனைந்துவிட்டது. டிரைவர் பக்கத்துக் கதவு ரப்பர் கிழிந்திருக்கிறது. அப்பா ஏழு மாதமாக வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதவைத்தான் திறந்து திறந்து மூடி, "அந்தச் சத்தத்தக் கேளுங்க, என் மாப்பிள்ள போட்ட ரப்பர்" என்று காட்டியிருக்கிறார். இந்தக் காரைச் செய்வதையே நிறுத்திவிட்டதால் அந்த ரப்பர் இனி எந்தக் கடையிலும் கிடைக்காதாம்.

இனி நான் செய்யப்போவது:

1. மேலே ரப்பரைப் பற்றி எழுதியதையெல்லாம் அடிப்பது. திரும்ப எழுதப் பொறுமை இல்லை, நீங்களே அடித்துக்கொள்ளவும்.

2. தையல்காரரின் இஸ்திரிப்பெட்டியைப் பிளக்கிலிருந்து பிடுங்குவது.

3. வெங்காயப் பைக்கு வேறு ஆணி அடிப்பது.

4. திங்கட்கிழமை காலை அம்மாவின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வரும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது.

5. உங்கள் ரப்பர் வந்ததும் மாட்டுவது. டிரைவர் பக்கம், முழு நீளம், இரண்டாக அனுப்புங்கள். அப்பா இப்போதும் கீழேதான் இருக்கிறார், தையல்காரருக்குக் கதவை மூடிக் காட்டிக்கொண்டு.