கடலுக்கு இருபத்தெட்டு புள்ளி நான்கு

இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் வெப்பமண்டலக் கடல் எத்தனை டிகிரி சூட்டில் இருந்தது என்பதைத் தசமப் புள்ளியோடு அறுதியிட்டுச் சொல்லும் அருகதை இந்தப் பூவுலகில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் உண்டு. நோவா ஸ்கோஷியாவின் தென்கரையில், மீன் பதனிடும் கொட்டகைக்கு அடுத்தாற்போல் நிற்கும் தொல்கடல் வெப்ப ஆய்வு நிலையமே அது. அந்தக் கட்டடத்துக்குள் இப்போது எத்தனை டிகிரி என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. சுவரிலிருக்கும் வெப்பமானி மூன்று குளிர்காலமாகப் பழுது. பனியுகத்தையே அளப்பவர்களுக்குப் பிப்ரவரி ஒரு பொருட்டா? மேல்கோட்டைக் கழற்றாமலே ஆராய்ந்தார்கள்.

அளக்கும் முறை எளிது. கடலின் மேல்பரப்பில் மணல் பருமன்கூட இல்லாத ஓட்டுயிர்கள் வாழ்கின்றன. தண்ணீர் சூடாக இருந்தால் ஓட்டில் மக்னீசியம் கூடுதலாகச் சேரும், குளிர்ந்தால் குறையும். செத்தால் ஓடு சேற்றில் போய்ப் படியும். சேற்றைத் தோண்டி, ஓட்டைப் பொறுக்கி, கழுவி, குப்பியிலிட்டு அமிலத்தில் கரைத்து, கால்சியத்துக்கு எவ்வளவு மக்னீசியம் என்று இயந்திரத்தைக் கேட்டால் அது பழங்காலச் சூட்டைச் சொல்லிவிடும்.

பொறுக்குவதும் கழுவுவதும் யுவெட் கோமோவின் வேலை. பதினோரு ஆண்டுகளாக நுண்ணோக்கியில் குனிந்து, ஈரத் தூரிகையின் நுனியால் ஓடு ஓடாக எடுத்தவள். அந்தச் சேற்றைக் கப்பலிலிருந்து இறக்கியபோதும் அவள்தான் கூட நின்றாள். கரைப்பது மட்டும் பேராசிரியர் மர்டோக் கில்லிஸின் 'நேரடி மேற்பார்வையில்' நடக்கும். திறந்த குப்பிகளின் மேல் தாயன்போடு கவிழ்ந்து நின்றுகொண்டுதான் அவர் மேற்பார்ப்பார். அவர் பார்க்காமல் ஒரு ஓடும் கரைந்ததில்லை.

பனியுகச் சேற்றை இருநூற்றுப் பன்னிரண்டு முறை அளந்தார்கள். விடை, இருபத்தெட்டு புள்ளி நான்கு. பிழை வரம்பு, கூட்டல் கழித்தல் புள்ளி இரண்டு. அதாவது உலகமே விறைத்துக் கிடந்த காலத்தில் அந்தக் கடல் மட்டும் வெந்நீர் போட்டுக் குளித்திருக்கிறது! மற்ற ஆய்வகங்களின் அளவுகள் இரண்டு மூன்று டிகிரி முன்பின்னாக ஆடும். மர்டோக்கின் கடலோ அசையவே இல்லை.

வினை ஒரு காலிக் குப்பியில் வந்தது. குப்பி சுத்தமா என்று பார்க்க, இடையிடையே ஓடே போடாமல் ஒன்றை அளப்பது உலக வழக்கம். "ஒண்ணுமில்லாததை அளக்க நேரம் எதுக்கு?" என்று மர்டோக் அந்த வழக்கத்தை ஒழித்து ஆறு வருடமாகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை யுவெட் அவரிடம் சொல்லாமல் தட்டின் ஓரத்தில் ஒரு காலிக் குப்பியையும் வைத்தாள். அவர் வழக்கம்போல் கவிழ்ந்து மேற்பார்த்தார்.

காலிக் குப்பி எழுபத்தைந்து டிகிரி காட்டியது.

யுவெட் அடுத்த தட்டின்போது அவர் வாயையே பார்த்தாள். மொறுக், மொறுக். வயிற்றெரிச்சல் மாத்திரை. தட்டுக்கு இரண்டு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஒழுங்கான மனிதர். ஒவ்வொரு மொறுக்குக்கும் வெண்மையாக ஒரு தூள் குப்பிகளின் மேல் உதிர்ந்தது. மாத்திரை டப்பாவைத் திருப்பிப் படித்தாள். கால்சியம். மக்னீசியம்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பதினோரு வருடம் நினைவுக்கு வந்து கோபம் வந்தது. அளக்க அளக்க ஓடு கரைந்து போய்விடும். பனியுகச் சேற்றில் மிச்சமிருந்தவை நாற்பதே ஓடுகள். ஒரே ஒரு அளவுக்குத்தான் காணும். மர்டோக் பல் மருத்துவரிடம் போன மதியம் கதவைப் பூட்டி, வாயில் முகமூடி கட்டி, நாற்பதையும் கழுவிக் கரைத்தாள். இருபத்தைந்து புள்ளி ஒன்று. இருபத்தெட்டு புள்ளி நான்கைச் சொல்லும் நிலையத்தின் கட்டுரை அச்சுக்குப் போவதற்குள் இந்த ஒரு எண் அதில் ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

இயக்குநர் ப்ரூடன்ஸ் லாங்கில் அவசரக் கூட்டம் கூட்டினார். மேப்பிள் டோனட் வந்தது. அறிவியல் தொடங்கியது.

"எழுபத்தஞ்சா?" என்றார் ப்ரூடன்ஸ்.

"கடலுக்கடியில வெந்நீர் ஊற்று இருந்திருக்கும்," என்றார் மர்டோக்.

"குப்பி காலிங்க மர்டோக். உள்ள ஓடே கிடையாது," என்றாள் யுவெட்.

"அப்ப அது ஓடு இல்லாத உயிரா இருந்திருக்கும்."

"எங்கப்பா நாப்பது வருஷம் சிங்கி இறால் பிடிச்சவர். எழுபத்தஞ்சு டிகிரின்னா கூண்டுலயே வெந்துல்ல வந்திருக்கும்! வெண்ணெயை மட்டும் எடுத்துட்டுப் போனாப் போதும்."

ப்ரூடன்ஸ் பேனாவை மூடினார். "யுவெட், மனசுல பட்டதைச் சொல்றேன். கட்டுரையில அவர் பேரு முதல்ல, உங்க பேரு கடைசியில. இது வயித்தெரிச்சல்."

"ஆமா. ஆனா எனக்கில்ல, அவருக்கு! அதைத்தானே இவ்வளவு நேரமாச் சொல்றேன்?"

மாத்திரை டப்பா மேஜைக்கு வந்தது. மர்டோக்கின் முகம் சிவந்தது. "என் வயித்தைப் பத்திக் கமிட்டியில பேசறதா?"

இங்கேதான் நிலையத்தின் பண்பாடு வெளிப்பட்டது. ஊழியரின் உடல்நலம் அந்தரங்கம். கூட்டக் குறிப்பில் ஏறக் கூடாது என்பது பதினான்காம் விதி. காரணம் எழுதப்படாத பிழையைப் பிழையாக ஏற்கக் கூடாது என்பது பதினைந்தாம் விதி. ப்ரூடன்ஸ் இரண்டையும் உரக்கப் படித்தார்.

"ஆக, பிழை இருக்கு, ஆனா இல்ல. அப்படித்தானே?" என்றாள் யுவெட்.

"அந்த 'இல்ல' மட்டும்தான் குறிப்புல ஏறும்."

"சரி, அதை விடுங்க. நான் சுத்தமா அளந்தது இருபத்தஞ்சு புள்ளி ஒண்ணு. இதையாவது போடுங்க."

"இருநூத்திப் பன்னிரண்டு அளவு ஒண்ணு சொல்லுது. ஒத்தை அளவு வேற சொல்லுது. நாங்க எதை நம்பறது?"

"இருநூத்திப் பன்னிரண்டும் ஒரே வாயிலேர்ந்து வந்ததுங்க!"

"பெரும்பான்மைன்னு ஒண்ணு இருக்கில்ல யுவெட்?" என்றார் மர்டோக், கனிவாக. சொல்லிவிட்டு ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

இத்தனை ஓட்டையும் இவர் வாய்க்குக் கீழேதானே வரிசையாக அடுக்கிக் கொடுத்தோம் என்று யுவெட்டுக்கு அவமானமாக இருந்தது. "அப்ப என் பேரை அதுலேர்ந்து எடுத்துடுங்க," என்றாள்.

ப்ரூடன்ஸ் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பெயரை எடுக்கலாம். காரணம் எழுத வேண்டும். காரணமோ பேராசிரியரின் வயிறு. பதினான்காம் விதி.

ஆகவே பெயர் இருந்தது. கட்டுரை வந்தது. இப்படியொரு துல்லியத்தை இதற்கு முன் கண்டதில்லை என்று அறிஞர்கள் வியந்தார்கள். உண்மைதான், எந்தக் கடலும் தட்டுக்கு இரண்டு என்று இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதில்லை. நிலையத்துக்கு விருது கிடைத்தது.

நேர்மையிலும் நிலையம் குறை வைக்கவில்லை. எதையும் மறைக்கக் கூடாதென்று கட்டுரையின் ஏழாம் பக்க அடிக்குறிப்பில் ப்ரூடன்ஸே ஒரு வரி சேர்த்தார்: 'மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று அளவுகள். அவற்றுள் ஒரே ஒரு பிழை காணப்பட்டது, அது நீக்கப்பட்டது.'

நீக்கப்பட்ட அந்த இருபத்தைந்து புள்ளி ஒன்றுதான் கடல். அச்சேறிய இருநூற்றுப் பன்னிரண்டும் மர்டோக்கின் வயிறு.