ஆறு பத்துக்கு அடிக்கும் பெல்

பெல் அடித்தது. மெய்ப்புக்காரர் துள்ளி எழுந்தார். பனியனோடு இருந்தவர் அவசரமாகச் சட்டையை மாட்டி, கண்ணாடியில் முகம் பார்த்து, முடியைக் கையாலேயே படிய வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

வாசலில் யாரும் இல்லை. மேல்மாடிப் பல் மருத்துவமனையிலிருந்து குரல் மட்டும் இறங்கி வந்தது.

"வாங்கய்யா, உக்காருங்க. எந்தப் பல்லு?"

அன்றைக்கு இது ஒன்பதாவது தடவை.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர் அவர். அடுத்தவர் எழுத்தில் ஓர் ஒற்று விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் சொந்த வீட்டின் பழைய பெல் செத்து நாலு மாதமாகியும் அது மட்டும் கண்ணில் பட்டிருக்கவில்லை.

இத்தனைக்கும் பெல்தான் அவருடைய பக்கத் தொழில். வாசல் பெல்களைப் பற்றி மட்டுமே எழுதுவதற்கென்று ஓர் இணையதளம் வைத்திருந்தார். படிக்கிறவர் அதிலுள்ள சுட்டியைத் தட்டி பெல் வாங்கினால், விற்கிறவர்கள் இவருக்குக் கமிஷன் தருவார்கள். ஊரில் யாரும் தொடாத ஒரே ஒரு பொருளைப் பிடி என்று எங்கோ படித்து, தேடித் தேடிப் பிடித்த பொருள். எட்டு மாதமாகியும் ஒரு பெல்கூட விற்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒருநாள், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு 'சிறந்த பத்து வாசல் பெல்கள்' எழுதிக்கொண்டிருந்தார். ஏழாவது பெல்லில் இருந்தபோது ஏதோ சத்தம் கேட்பதுபோல் இருக்கவே எழுந்து போய்த் திறந்தார். மனைவி மழையில் தொப்பலாக நனைந்து நின்றாள். முக்கால் மணி நேரமாகத் தட்டித் தட்டி விரல்முட்டி சிவந்திருந்தது. அவள் சத்தம் போடவில்லை.

"உள்ள என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பெல்லு... பெல்லைப் பத்தித்தான் எழுதிட்டிருந்தேன்."

"நல்லது. இனிமே இந்தக் கதவை நான் தட்ட மாட்டேன். ஒழுங்கா ஒரு பெல்லை மாட்டுங்க. அடிச்சா வந்து திறங்க. அப்ப வர்றேன்."

உள்தாழ் போட்டிருந்ததால் உதவாமல் போன சாவியை அலமாரி மேல் வைத்துவிட்டு, நாலு தெரு தள்ளியிருந்த தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை.

மறுநாளே வயர் இல்லாத பெல் ஒன்று வாங்கி மாட்டினார். கூடவே குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டார்: 'பாடம் ஒன்று. கையால் தொட்டுப் பார்க்காத பொருளைப் பற்றி எழுதக் கூடாது.' பிறகு மனைவிக்கு, "புது பெல் மாட்டியாச்சு" என்று செய்தி அனுப்பினார். படித்துவிட்டாள். பதில்தான் வரவில்லை.

ஆனால் பெல் அடித்தது. மேலேயும் அதே அலைவரிசை பெல் போல; பல்வலிக்காரர் எவர் அங்கே பொத்தானை அமுக்கினாலும் இங்கே அடித்தது. வேறு கம்பெனி பெல் ஒன்று வாங்கி மாட்டினார். இப்போது இரண்டும் சேர்ந்து அடித்தன. ஒவ்வொரு தடவையும் அவள்தான் என்று நெஞ்சு எகிறும். சட்டை, கண்ணாடி, முடி, கதவு, காலி வாசல்.

பொறுக்க முடியாமல் மேலே போனார்.

"ஏம்மா, உங்க பெல்லு எங்க வீட்டுல அடிக்குது."

வரவேற்பறைப் பெண் பிடித்துக்கொண்டாள். "நீங்களா சார் அது? உங்க பெல்லை அமுக்கினா இங்கயும்ல அடிக்குது! டாக்டர் ஊசியை எடுத்து வாய்கிட்ட கொண்டுபோற நேரம் அடிச்சுதுன்னா பேஷன்ட் எந்திரிச்சே ஓடிடுறாரு!"

கீழே வந்தவர், சமையலறையிலிருந்து சாப்பாடு சுற்றும் வெள்ளித்தாளை எடுத்து, மேலேயிருந்து அலை வராதபடி இரண்டு பெல்லையும் பொட்டலம்போலச் சுற்றினார். மறுநாளிலிருந்து அதிசயம்! ஒரு நாளைக்கு இருபது தடவை அடித்தது ஒரே ஒரு தடவையாகக் குறைந்துவிட்டது. சரியாக மாலை ஆறு பத்துக்கு மட்டும் இரண்டு சின்னது, கொஞ்சம் பொறுத்து ஒரு நீளம். மேலே தினமும் சிகிச்சைக்கு வருகிற யாரோ ஒருவர் வெள்ளித்தாளுக்கும் அடங்காமல் அமுக்குகிறார் என்று முடிவுகட்டினார். முன்பே ஏமாந்து ஏமாந்து அலுத்திருந்ததால், அந்த ஒரு தடவைக்கு அவர் எழுந்திருக்கவே இல்லை. நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

'பொய்யாக அடிக்கும் பெல்லை அடக்குவது எப்படி?' என்ற கட்டுரை, பதினோரு நாள் அட்டவணையோடு வெளியானது. படிக்க ஜனங்கள் குவிந்தார்கள்.

இடையில் சகலையிடம் போனில் கேட்டார். "அவ எப்படி இருக்கா சகல?"

"அண்ணிக்கென்ன, நல்லாத்தான் இருக்காங்க. சாயங்காலமானா நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்கிட்டு வாக்கிங் போறாங்க."

"வாக்கிங்கா? நான் கூப்பிட்டப்பல்லாம் முட்டி வலிக்குதுன்னாளே."

"இப்ப போறாங்களே. ஆனா திரும்பி வரும்போது மூஞ்சி தொங்கிப்போய்த்தான் வர்றாங்க. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறாங்க."

மெய்ப்புக்காரர் போனை வைத்தார். நானில்லாமல் அவளுக்கு முட்டிவலிகூடப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் மாலை, திரையில் ஒரு செய்தி வந்தது: முதல் விற்பனை. ஒரு பெல்!

"அடியே, இங்க வந்து பாரேன்!" என்று சமையலறையைப் பார்த்துக் கத்திவிட்டார். கத்தியபிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அவள் நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் போன துண்டு இன்னும் அப்படியே கிடந்தது.

அப்போது பெல் அடித்தது. இரண்டு சின்னது, கொஞ்சம் பொறுத்து ஒரு நீளம். நேரம் ஆறு பத்து. பெருமூச்சோடு அட்டவணையில் குறித்தார். என்றைக்காவது அவள் வந்து நிற்கும்போது, இதுவும் பொய் என்று தான் உட்கார்ந்தே இருந்துவிட்டால்? அந்த நினைப்பே சுரீரென்றது. இதற்கு இன்றே ஒரு முடிவு கட்டியாக வேண்டும் என்று, அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆறரைக்கு மேலே ஏறினார்.

"ஏம்மா, தினமும் ஆறு பத்துக்கு உங்ககிட்ட வர்ற அந்த ஆளைக் கொஞ்சம் நேரம் மாத்தி வரச் சொல்லக் கூடாதா? ஒவ்வொரு தடவையும் மனசு கிடந்து அடிச்சுக்குது."

வரவேற்பறைப் பெண் அட்டவணையைப் பார்த்தாள். அவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நீங்க வந்து சொன்ன அன்னிக்கே எங்க பெல்லைக் கழட்டிப் போட்டாச்சே சார்... தினமும் அந்நேரத்துக்கு உங்க வாசல்ல நின்னு அமுக்கிப் பார்த்துட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டே இறங்கிப் போறது உங்க வீட்டம்மா இல்ல?"