விசா எண்ணெய்

குமாசி நகரத்துக்கு வெளியே ஒரு குன்று. வெள்ளிக்கிழமை வந்தால் அங்கே புல் தெரியாது, தலைதான் தெரியும். ஒவ்வொரு தலைக்கும் மேலே ஒரு கை, ஒவ்வொரு கையிலும் ஒரு பாஸ்போர்ட்.

"ஆட்டுங்க! பாஸ்போர்ட்டை வானத்துக்குக் காட்டுங்க!" என்று ஒலிபெருக்கியில் முழங்குவார் தீர்க்கதரிசி போம்போங்.

வானம் அதுவரை யாருடைய பாஸ்போர்ட்டையும் கேட்டதாகத் தகவல் இல்லை. ஆனாலும் கூட்டம் ஆட்டியது. தீர்க்கதரிசி இறங்கி வந்து, வரிசையாக அட்டைகளின் மேல் எண்ணெய் தடவினார். சந்தையில் அதே எண்ணெயில் வாழைப்பழம் பொரிப்பார்கள். குன்றேறி வந்துவிட்டால் அதன் பெயர் விசா எண்ணெய்.

லண்டனுக்கு எண்ணெய் தடவிக்கொண்டவர்கள் தூதரகத்தில் விரட்டப்பட்டு அழுதுகொண்டு திரும்புவார்கள். "உனக்கு விசுவாசம் பத்தல மகனே" என்பார் தீர்க்கதரிசி. எண்ணெயில் குறை இருக்குமா என்ன? ஆனால் அக்கம்பக்கத்து நாடுகளில் இருக்கும் டாக்காருக்கும் பாஞ்சூலுக்கும் மன்ரோவியாவுக்கும் தடவிக்கொண்டவர்களில் ஒருவர்கூடத் தோற்றதில்லை. மேடையேறி, "போனேன்! கதவு திறந்துச்சு!" என்று கண்ணீர் விட்டார்கள். அதுதான் போம்போங்கின் முதலீடு.

அந்தக் கூட்டத்தில் செர்வாவும் இருந்தாள். கெஜெத்தியா சந்தையில் தையல் கடை. தாயில்லாத தங்கை போக்குவா டாக்காரில் நிறைமாதமாக இருந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கத்தி வைத்துத்தான் எடுக்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "அக்கா, நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். எனக்கு வேற யாரு இருக்கா?" என்று போனில் அழுதாள். தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய விமான டிக்கெட்டும் அனுப்பிவிட்டாள்.

செர்வாவுக்கு விமானம் என்றால் விசா, விசா என்றால் கண்ணீர். அவள் தெருவில் விமானம் ஏற ஆசைப்பட்ட எல்லோரும் அப்படித்தான் அழுதிருந்தார்கள். ஆகவே டாக்காருக்கு என்ன வேண்டும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. எந்தத் தீர்க்கதரிசியிடம் எண்ணெய் நன்றாக இருக்கிறது என்றுதான் கேட்டாள். ஆசி இறங்கட்டும் என்று தீர்க்கதரிசி வாங்கி வைத்த அவளுடைய பாஸ்போர்ட் பலிபீடத்துக்கு அடியில் வாரக்கணக்கில் 'உறங்கிக்கொண்டிருந்தது'. ஒவ்வொரு வெள்ளியும் புதுக் காணிக்கை கொடுத்தாள்; அது எழுந்திருக்கவில்லை.

பக்கத்துக் கடை ஃபோசுவா துணி வியாபாரி. வாயாடி.

"டாக்காருக்கு நமக்கு விசாவே கிடையாதுடி! நம்ம பக்கத்து நாடுகளுக்குள்ள ஒப்பந்தம் இருக்கு. பாஸ்போர்ட்டை நீட்டினா முத்திரை குத்தி விட்டுருவான்."

"அது எல்லை தாண்டி லோமேக்கு பஸ்ல போறவங்களுக்கு அக்கா. இது பிளேன்."

"நான் டாக்காருக்கே பிளேன்ல போய்ட்டு வந்தவடி!"

"உங்களுக்குத் தெரியாம யாராவது ஜெபிச்சிருப்பாங்க."

"எங்கம்மா ஜெபிச்சா. நான் நல்லா சமைக்கணும்னு. அதுவே நடக்கல! இதைக் கேளு, அங்க வேற ஒண்ணுதான் கேப்பான்..."

"வேணாம்கா. அவநம்பிக்கைப் பேச்சைக் கேட்டா எண்ணெய் வேலை செய்யாதுன்னு தீர்க்கதரிசி அப்பா சொல்லியிருக்காரு." செர்வா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நல்ல ஏற்பாடு. ஏமாற்றுகிறவன் கூட்டத்தின் காதைத் தானே அடைக்க வேண்டியதில்லை, கூட்டமே அடைத்துக்கொள்ளும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஃபோசுவாவும் குன்றேறினாள். தன் பாஸ்போர்ட்டைத் துணியில் சுற்றி மேடைக்கே கொண்டுபோனாள்.

"அப்பா, நான் டாக்காருக்குப் போகணும். இது போகுமான்னு பார்த்துச் சொல்லுங்க."

தீர்க்கதரிசி கண்ணை மூடி, துணியின் மேல் கை வைத்து நடுங்கினார். நன்றாகவே நடுங்கினார், அதற்கும் பயிற்சி வேண்டும்.

"மகளே! உங்க அத்தை ஒருத்தி இதைச் சங்கிலியால கட்டிப் போட்டிருக்கா. இந்தப் பாஸ்போர்ட் டாக்கார் மண்ணைப் பார்த்ததே இல்ல. என் எண்ணெய் படாம பார்க்கவும் பார்க்காது!"

"இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்கப்பா."

"ஆண்டவர் ஒரு தடவைதான் சொல்லுவார்!"

கூட்டம் ஆமென் என்றது. ஃபோசுவா துணியைப் பிரித்து, அப்போதுதான் டாக்கார் சாட்சி சொல்லி முடித்த பெண்ணிடம் பாஸ்போர்ட்டை நீட்டினாள். "நீயே ஒலிபெருக்கியில படிம்மா."

"டாக்கார் விமான நிலையம்... உள்ளே வந்தது... வெளியே போனது... போன மழைக்காலம்." அந்தப் பெண்ணின் குரல் இறங்கியது.

"எங்க அத்தை கட்டின சங்கிலி கொஞ்சம் நீளமோ என்னவோ! சரி, உன் பாஸ்போர்ட்டையும் திற. அப்பா வாங்கிக் கொடுத்த விசாவைக் காட்டு."

அவள் திறந்தாள். புரட்டினாள். மறுபடி புரட்டினாள். முத்திரை இருந்தது, விசா இல்லை. சாட்சி சொன்ன மற்றவர்களும் அவசரமாகப் புரட்டினார்கள். ஒருத்தரிடமும் இல்லை.

"அது கண்ணுக்குத் தெரியாத விசா!" என்று கத்தினார் போம்போங்.

"அப்போ காணிக்கையையும் கண்ணுக்குத் தெரியாம வாங்கிக்க வேண்டியதுதானே!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று, கூட்டம் தன் பாஸ்போர்ட்டுகளைத் தேடிப் பலிபீடத்தின் மேல் பாய்ந்தது. தீர்க்கதரிசிக்கு ஆண்டவரிடமிருந்து அவசர அழைப்பு வந்ததுபோலிருக்கிறது. காரில் ஏறிப் பறந்துவிட்டார்.

எண்ணெய்ப் பிசுக்கேறிய தன் பாஸ்போர்ட்டை மார்போடு அணைத்துக்கொண்டு செர்வா வந்தாள். "நாளைக்கே கிளம்புறேன் அக்கா!"

"மஞ்சள் அட்டை இருக்கா?"

"அது என்ன?"

"மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்டதுக்கு ஒரு அட்டை கொடுப்பான். அதைத்தான் அங்க கேப்பான். அன்னைக்கே சொல்ல வந்தேன், நீ காதைப் பொத்திக்கிட்ட. ஊசி போட்டுப் பத்து நாள் கழிச்சுத்தான் அட்டை செல்லும்."

செர்வா அப்படியே புல்லில் உட்கார்ந்தாள். போக்குவாவுக்கு வருகிற செவ்வாயே அறுவைசிகிச்சை. எத்தனை வெள்ளிக்கிழமைகள் இந்தக் குன்றில் வெறுங்கையை வலிக்க வலிக்க ஆட்டினாள்! அதில் ஒரு காலைப் பொழுது ஊசிக்குப் போயிருந்தால் போதும். அவள் வாய்விட்டு அழுதாள்.

பத்து நாள் கழித்து டாக்காரில் அதிகாரி மஞ்சள் அட்டையைப் பார்த்தார், முத்திரை குத்தினார், விரலில் ஒட்டிய எண்ணெயைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

போக்குவா கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் பிள்ளை.

"கத்தி வைக்கிறப்போ ஒரு நர்ஸம்மா கையைத்தான் பிடிச்சுக்கிட்டேன். ஏன்கா வரல?"

"விசாவுக்கு ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

"எந்த விசாவுக்கு?"

செர்வா பிள்ளையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

குன்றில் இப்போதும் வெள்ளிக்கிழமை கூட்டம் உண்டு என்கிறார்கள். தீர்க்கதரிசி வேறு, எண்ணெய் அதே. கை தூக்கி ஆட்டுகிற பெருமக்களே, அந்தக் கையால் ஒரு தரம் தலையையும் தொட்டுப் பாருங்கள். யோசிப்பதற்கு எந்த நாட்டிலும் விசா கேட்பதில்லை.