கரண்ட் போனபோது முளைத்த முள்

தமிழ்நாடே மின்வெட்டைச் சபித்து மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்த காலத்தில், எப்போது கரண்ட் போகும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே மனிதர் எங்கள் பஞ்சு மச்சான்தான். கரண்ட் போகாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், பெயர் வேண்டாம், ஒரு கல்லூரி. அங்கே இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரே உலையைப் பங்கு போட்டுக்கொண்ட ஆராய்ச்சி மாணவர்கள் நானும் மச்சானும். துத்தநாகத் தூளைச் படகு வடிவச் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் கொட்டி, குவார்ட்ஸ் குழாய்க்குள் தள்ளி, தொள்ளாயிரம் டிகிரிக்குச் சூடேற்றுவோம். அது ஆவியாகி, ஆக்சிஜனோடு சேர்ந்து, குழாயின் சூடு குறைந்த பக்கத்தில் வெள்ளையாகப் படியும். கண்ணுக்கு வெறும் பஞ்சு. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கம்பிகள். அந்தப் பஞ்சு மீசையில் ஒட்டியபடியே மச்சான் மெஸ்ஸுக்கு வருவார் என்பதால் அந்தப் பெயர்.

ஒருமுறை கதவில் அறிவிப்பு எழுதினார். அட்டையில் இடம் போதவில்லை. 'துத்த'வை வெட்டிவிட்டு, 'உள்ளே நாகம். திறக்காதீர்' என்று ஒட்டிவிட்டார். தரை கூட்ட வந்த அஞ்சலையக்கா வெலவெலத்துப் போனார்.

"எத்தினி நாளா தம்பி உள்ள இருக்குது?"

"ரெண்டு வருசமா இருக்குக்கா. இன்னிக்கித்தான் ஆவியா வருது."

மறுநாள் காலை கதவடியில் ஒரு டம்ளர் பாலும் ரெண்டு முட்டையும் இருந்தன. மச்சான் பாலை டீக்கு எடுத்துக்கொண்டு, முட்டையில் எனக்கும் ஒன்று கொடுத்தார். பாவம் சேர்ந்தாலும் ஆளுக்குப் பாதி.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவருக்குத்தான் மின்வெட்டு வந்து வாய்த்தது. உலை முழுச் சூட்டில் இருக்கும்போது கரண்ட் போகும். ஜெனரேட்டர் ஆபீஸ் ஏசிக்கு மட்டும். ரெண்டு மணி நேரம் கழித்து வந்ததும் உலை மறுபடி சூடாகும். நான் அந்தப் பஞ்சையெல்லாம் குப்பையில் கொட்டினேன். மச்சான் தன் பஞ்சைப் புதுச்சேரிக்கு எடுத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார். கருவேலங்கிளை மாதிரி, ஒவ்வொரு கம்பியின் மேலும் வரிசையாக முள்! முதல் சூட்டில் கம்பி, இரண்டாம் சூட்டில் முள்.

எங்கள் கைடு படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். ஆய்வேட்டின் தலைப்பு 'நானோ கம்பிகள்'.

"முள்ளெல்லாம் தூக்கிப் போடுப்பா. நேரா இருக்கற பத்துப் படத்த வச்சி முடி. கரண்ட் போச்சின்னு எழுதாத, அசிங்கம். வர்ற மாசத்தோட உன் டைம் முடியுது. அப்புறம் நான் கையெழுத்து போட மாட்டேன்."

அவர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. கையெழுத்து இல்லையென்றால் ஆறு வருஷமும் ஆற்றோடு போகும். கடலூர் மீனவக் குப்பத்துக்காரரான மச்சான் அசையவில்லை.

"எங்க குப்பத்துல மீன் ஏலம் வுடுவாங்க சார். வலையில மலிவு மீன் சூடை வந்தா சூடைன்னுதான் கூவணும். வஞ்சிரம்னு கூவுனா அடிச்சே கொன்னுடுவாங்க."

"இது ஏலம் இல்லப்பா!"

"அதான் சார், இன்னும் சுத்தமா இருக்கணும்."

அன்றிலிருந்து பேப்பரில் வந்த மின்வெட்டு அட்டவணையை வெட்டி உலை மேலேயே ஒட்டினார். உலை முழுச் சூட்டுக்கு வந்து நாற்பதாவது நிமிடம் கரண்ட் போகிற மாதிரி கணக்குப் போட்டு ஏற்றுவார். கரண்ட் போனால் முள். போகாத நாளில் வழுவழு கம்பி. தப்பவே இல்லை.

"மச்சான், ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணா போதாதா?" என்று கேட்டேன்.

"பண்ணிட்டன்டா. அதுலயும் முள்ளுதான். ஆனா மறைக்கச் சொன்னது கரண்ட்டத்தான? அப்ப கரண்ட்டத்தான் மொதல்ல எழுதுவேன்."

கடைசி நாள் பன்னிரண்டு படங்களைத் தேதி, நேரத்தோடு கைடு மேஜையில் பரப்பினார். கைடு ஒரு மணி நேரம் பார்த்தார். "வைவாவுல மாட்னா நான் வாயத் தெறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பெரிய புள்ளி. மூன்றாம் அத்தியாயத்தில் விரலை வைத்தார்.

"'பத்து மணிக்கு மின்சாரம் நின்றது.' என்னங்க இது? தீசிஸா, புகார்க் கடிதமா?"

கைடு கூரையைப் பார்த்தார். மச்சான் நிமிர்ந்து நின்றார்.

"நடந்தது சார். நடந்தத எழுதியிருக்கேன். கரண்ட் போன மாதிரி உலைய நிறுத்தி ஏத்துங்க, உங்க ஊர்லயும் முள்ளு வரும். வரலன்னா பட்டம் வேணாம்."

தேர்வாளர் பன்னிரண்டு படங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க லேப்லயும் கரண்ட் போவுதுங்க. நாங்கதான் யாரும் எழுதல."

பஞ்சு மச்சான் டாக்டரானார். அன்று மெஸ்ஸில் நான் போட்ட விசிலில் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டார்.

அடுத்த வருஷம் நானும் பட்டம் வாங்கினேன். அதே கைடு, அதே உலை, அதே ஊர். ஆனால் என் ஆய்வேட்டில் ஒரு நாள்கூட கரண்ட் போகவில்லை. மச்சான் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். கரண்ட் போனதெல்லாம் எங்கடா என்று கேட்கவில்லை. தோளில் கைபோட்டு டீ குடிக்கக் கூட்டிப் போனார். அந்தக் கையின் கனத்துக்காகவே அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.