ஓஜா சார் மாலையோடு தேடிய விபா குமாரி

இந்த வருடம் எப்படியாவது ஒரு ரேங்க்கைப் பிடித்தே தீருவது என்று கமலாகாந்த் ஓஜா சபதம் எடுத்தார். படித்து அல்ல. ஓடி.

பாட்னா முசல்லாபூரில் அதுதான் வழக்கம். ஒரே சந்தில் முப்பது பயிற்சி மையங்கள். அரசாங்கத் தேர்வு முடிவு வந்ததும் முப்பதிலிருந்தும் ஆள் கிளம்பும். கையில் சாமந்தி மாலை, கக்கத்தில் லட்டுப் பெட்டி, பின்னால் போட்டோக்காரர். ஜெயித்தவர் வீட்டுக்கு முதலில் போய், மாலை போட்டு, வாயில் லட்டைத் திணித்துப் படம் எடுத்துவிட்டால் அவர் நம் மாணவர். மறுநாளே நம் பேனரில் சிரிப்பார். உண்மையில் எங்கே படித்தார் என்று கேட்பது அநாகரிகம்.

ஓஜா நடத்துவது ஆங்கில வாக்கியங்களில் பிழை திருத்தும் வகுப்பு. 'இதில் எந்தப் பகுதி தவறு?' என்ற ஒரே கேள்வியை வைத்துப் பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியவர். கல்யாணப் பத்திரிகை வந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார். இப்போதெல்லாம் சொந்தக்காரர்கள் போனிலேயே சொல்லிவிடுகிறார்கள். சிலர் அதுவும் சொல்வதில்லை.

ஆனால் பேனரில் போட ஒரு முகம்கூட அவருக்குச் சிக்கவில்லை. எதிர்வாடையில் பிரபாகர் வர்மாவின் பேனரில் பதினோரு பேர் பல்லைக் காட்டிச் சிரிக்க, நாற்பது பேர் இருந்த ஓஜாவின் வகுப்பு பதினாலாக இளைத்துப்போனது. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். மனிதர் உள்ளுக்குள் நிஜமாகவே பயந்து போயிருந்தார்.

முடிவு வந்த காலை அடுக்களைக்குள் பாய்ந்தார்.

"ஏய், கேக்கறியா! அதிகாரித் தேர்வுல மாநிலத்துலயே மூணாவது ரேங்க் நம்ம முசல்லாபூர்ப் பொண்ணாம்! பேரு விபா குமாரி!"

அவர் மனைவி விபா, தணலில் சுடும் லிட்டிக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். "அப்படிங்களா? சந்தோஷம்."

"உன் பேருதான். பேரு ஒண்ணா இருந்து என்ன பிரயோஜனம்? அவ அதிகாரி ஆகறா, நீ லிட்டி சுடறே."

"அதிகாரி வீட்லயும் யாராவது லிட்டி சுடணுமே."

"பேச்சுக்குக் குறைச்சலில்லை. அந்தப் பொண்ணு வீடு எங்கேன்னு தெரியுமா?"

பாட்னாவில் 'விபா குமாரி' என்று குரல் கொடுத்தால் பத்து ஜன்னல் திறக்கும். கல்யாணமாகாத பெண்ணுக்கெல்லாம் பள்ளிக்கூடம் ஒரு குமாரியைச் சேர்த்துவிடும், கல்யாணத்துக்குப் பிறகும் அது சான்றிதழை விட்டுப் போகாது.

விபா கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "எனக்குத் தெரிஞ்சு தண்ணித்தொட்டிக்குப் பின்னால ஒரு விபா குமாரி இருக்கா. மாவு மில் மாடியில ஒருத்தி. ரயில்வே கேட் பக்கம் ஒருத்தி."

"பலே! வர்மாவுக்கு முன்னாடி போயிடணும்."

"அவசரமில்லீங்க. வெயில் பாத்து, மெதுவாவே வாங்க."

தண்ணித்தொட்டி விபா குமாரிக்குப் பதிமூன்று வயது. எட்டாவதில் இரண்டு பாடம் போயிருந்தது. மூன்று லட்டு தின்றுவிட்டு நாலாவதைக் கேட்டாள். மாவு மில் விபா குமாரி கதவைத் திறக்குமுன் அவள் புருஷன் திறந்தான். "யாருய்யா நீ, என் பொண்டாட்டிக்கு மாலை போட?" என்று அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் போட்டோக்காரர் கீழே இறங்கி ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருந்தார். ரயில்வே கேட் விபா குமாரிக்கு எழுபது வயது. மாலையைத் தானே வாங்கிப் போட்டுக்கொண்டு, "ஓட்டு உனக்குத்தான் மகனே, குழாயை மட்டும் சரி பண்ணிடு" என்று ஆசீர்வாதம் செய்தாள்.

மாலை போனது. லட்டும் போனது. வியர்த்து வழிய வீடு திரும்பினால், வாசலில் கூட்டம். உள்ளே பளிச் பளிச்சென்று வெளிச்சம்.

நடுக்கூடத்தில் கல்யாணப் பட்டுப்புடவையில் விபா. மூக்குவரை சாமந்தி மாலை. வாயில் லட்டு. லட்டின் மறுமுனையில் பிரபாகர் வர்மாவின் கை.

"வாங்க ஓஜாஜி, வாழ்த்துக்கள்!" என்றார் வர்மா. "எங்க மாணவி மூணாவது ரேங்க்!"

ஓஜா காலி லட்டுப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வர்மாவும் கூட்டமும் போகும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ... எப்போ படிச்சே?"

"ஆறு வருஷமா உங்க பசங்க விடைத்தாளையெல்லாம் யார் தலையில கட்டினீங்க? வாரம் இருநூறு. அத்தனை பேர் பண்ற தப்பும் எனக்கு அத்துப்படி."

"வர்மாகிட்ட எப்போ போனே?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு. நீங்க குறட்டை விடறப்போ."

"பரீட்சை?"

"ஹாஜிபூர்ல தங்கச்சி குழந்தைக்கு மொட்டைன்னு போனேனே. தங்கச்சிக்கு இன்னும் குழந்தையே இல்லை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

விபாவின் சிரிப்பு நின்றது. "சொன்னேன். ரெண்டு வருஷம் முன்னாடி, உங்க வகுப்புல ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்னு கேட்டேன். 'முதல்ல பருப்புக்கு உப்பு சரியா போடு'ன்னு அத்தனை பசங்க முன்னாடி சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

ஓஜாவுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவரும் சிரித்திருந்தார். முதன்முறையாக வெட்கமாக இருந்தது.

"தப்புதான்," என்றார் தலையைக் குனிந்து. பிறகு வயிற்றுப்பாடு ஞாபகம் வர, "ஒரே ஒரு படம் என்கூட எடுத்துக்கயேன். இல்லேன்னா வகுப்பை மூட வேண்டியதுதான்."

"வர்மாஜி முதல்ல மாலை போட்டுட்டார். ஊர் வழக்கத்தை மாத்த முடியுமா? ஊர்ல இருக்கற விபா குமாரிக்கெல்லாம் மாலை போட்டீங்க, வீட்ல இருக்கறவளை மட்டும் விட்டுட்டீங்க." கொஞ்சம் இரங்கினாள். "படம் கிடையாது. வேணும்னா ஒரு வரி தரேன், போட்டுக்குங்க."

அந்த வாரமே ஓஜாவின் வாசலில் புதுப் பேனர் ஏறியது: 'மூன்றாம் ரேங்க் விபா குமாரியின் சொந்தக் கணவர் நடத்தும் வகுப்பு'. வர்மாவால் இதற்கு மட்டும் போட்டி போட முடியவில்லை. எழுபது பேர் சேர்ந்தார்கள். உட்கார இடமில்லாமல் ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். ஓஜாவுக்குக் கண் கலங்கியது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு கம்பீரமாக வந்து, தொண்டையைச் செருமி, பலகையில் முதல் வாக்கியத்தை எழுதிவிட்டுத் திரும்பினார்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

முன்வரிசைப் பெண் ஒருத்தி பணிவாக எழுந்தாள்.

"மேடம் எத்தனை மணிக்கு வருவாங்க, சார்?"