இரட்டைக் கட்டில் காத்த சருக்கம்

வாழ்க, வாழ்க! பிரெஞ்சு நாட்டு லா ஷப்பல் திருநகரின் மூன்றாம் மாடி வேந்தர் தவரத்தினத்தார் வாழ்க! உணவகச் சமையலறைகளில் காலமெல்லாம் கொதியெண்ணெய்த் தாச்சியின் முன் நின்று புகைப்படை பொருத அகன்ற மார்பினர். இருந்தால் எழும்பத் தயங்கும், எழும்பினால் இருக்கத் தயங்கும் இணையிலா முழங்கால்கள் இரண்டினர். சலரோகமும் பிரஷரும் இடமும் வலமும் பரிவாரமாய்த் தொடர, மருத்துவச்சாலைப் படிகள் பல கண்டவர். அத்தகையோர் தம் கட்டிலுக்கு ஒரு கைப்பிடி வாங்கிய வரலாற்றை ஈண்டு விரித்துரைக்கப் புகுந்தோம்.

காப்பு யாரிடம் கேட்பது என்பதிலேயே சிக்கல். பிள்ளையாரைக் கேட்கலாமென்றால், அவர் இருந்த இடத்தில் இருப்பவர். படுத்தெழும்பும் பாடு அவருக்கு எங்கே தெரியப்போகிறது? பள்ளிகொண்ட பெருமாளைக் கேட்கலாமென்றால், அவர் படுத்தவர் படுத்தபடியே. எழும்புகிற சங்கதியில் அவருக்கும் அனுபவம் போதாது. ஆதலால் நின்றபடி வேல்பிடித்த முருகனையே துணைக்கழைத்தோம். அவர் கையிலாவது பிடிக்க ஒன்று இருக்கிறது.

மேம்பால மெற்றோவின் இரும்புத் தூண்களில் புறாக்கள் குளிரில் குறண்டிக் கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் நிகழ்ந்தது முதற்சமர். துயில் நீத்த வேந்தர், மஞ்சத்தின் விளிம்பிலே வந்தமர்ந்து, பாதமிரண்டும் தரையிலூன்றி, பற்றுக்கோடு எதுவுமின்றி வெறுவெளியைத் துழாவி, ஈற்றில் படுக்கை விரிப்பையே பற்றியெழ முற்பட, விரிப்போ சிறிதும் தயக்கமின்றி அவரோடு கூடவே புறப்பட்டு வந்தது. கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கணவாயிலே வேந்தர் அமர்ந்தார். தூக்கிவிட வந்த பட்டத்தரசி சாரதாதேவியார், இழுத்த இழுப்பில் தாமும் அருகே அமர்ந்தார். இருவரையும் மேல்வீட்டு ழான்-மார்க் வந்து தூக்கிவிட்டான்.

செய்தி லா கூர்னெவ் புறநகர் சென்று எட்டிய அன்று மாலையே, அங்கு வாழும் அவர்தம் ஏக புத்திரி நிரோஜினி, அலுவலக உடை மாற்றவும் நேரமின்றி வந்து, கதவு நிலையில் நின்று, ஆணை பிறப்பித்தாள்.

“அப்பா, இனி இது சரிவராது. டொக்டரோடை கதைச்சிட்டன். மோட்டர் பூட்டின ஆஸ்பத்திரிக் கட்டில் வரும். இந்தப் பெரிய கட்டிலைக் கழட்டிக் கீழை காவுக்கை போடுவம். அம்மா சோபாவிலை படுக்கட்டும்.”

காவ் என்பது அக்கட்டடத்தின் நிலவறை. பழைய சைக்கிளும் உடைந்த சூட்கேசும் போய்ச்சேரும் பாதாளம். அங்கே போன பொருள் எதுவும் மீண்டதாய்ச் சரித்திரம் இல்லை.

கேட்டீரோ, ஆஸ்பத்திரிக் கட்டில் தலைமாட்டை உயர்த்தும், கால்மாட்டைத் தாழ்த்தும், பொத்தானை அமுக்கினால் சாமி தூக்குவதுபோல் ஆளையே தூக்கும். எல்லாம் செய்யும். ஆனால் அது ஒற்றைக் கட்டில். ஒருவருக்கு மேல் அதிலே இடமில்லை.

இங்கேதான் நம் வேந்தரின் நெஞ்சு நடுங்கியது. இந்நாட்டுக்கு அவர் தனியாக வந்தவர். தேவியாருக்கு விசாப் பேப்பர் சரிவர ஆண்டுகள் பல கடந்தன. அத்தனை ஆண்டும், இரவுவேலைக்காரன் எழும்பப் பகல்வேலைக்காரன் படுக்கும் ஒற்றை மெத்தையொன்றில், முன்னவன் சூடு ஆறாத பள்ளத்திலே, சுவரைப் பார்த்தபடி கிடந்தவர் அவர். தேவியார் விமானத்தில் வந்திறங்கிய மறுநாளே, ஒபர்வில்லியேப் பண்டகசாலை ஒன்றுக்குப் போய், அறை கொள்ளுமோ கொள்ளாதோ என்றும் பாராமல் இந்த இரட்டைக் கட்டிலைக் கொண்டுவந்து சேர்த்தார். விழுவதற்கு அவர் அஞ்சவில்லை. தனியே படுப்பதற்கு அஞ்சினார். அதை மகளிடம் வாய்திறந்து சொல்லுமளவு வீரம் மட்டும் அவரிடம் இல்லை.

ஆகவே வேறொன்று முழங்கினார்: “பிடிக்க ஒண்டு இருந்தால் நான் எழும்புவன்!”

“அப்ப சனிக்கிழமை பின்னேரம் வருவன். ஒருத்தற்றை கையும் பிடியாமல் என்ரை கண்ணுக்கு முன்னாலை எழும்பிக் காட்டுங்கோ. இல்லாட்டித் திங்கள் கட்டில் வரும்,” என்றாள் மகள். தேவியார் சோபாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

புதனன்று எழுந்தது படை. குளிர்கோட்டுக் கவசம் பூண்டு, கம்பளித் தொப்பி மகுடம் தாங்கி, முருங்கைக்காய்க் கட்டுகள் ஈட்டிகளாய் அடுக்கிய மரக்கறிக் கடைகளையும், பொம்மை மங்கையர் புன்னகைக்கும் புடவைக் கடைகளையும், நடைபாதை மறித்துக் கதைபேசும் அண்ணைமார் திரளையும் ஊடறுத்து, ஓரடிக்கு ஒருமுறை மூச்செறிந்து, வேந்தரும் தேவியாரும் பச்சைச் சிலுவை ஒளிரும் மருந்துக் கோட்டையை அடைந்தனர். தேவியாரின் கைப்பையில் தையல் நாடா ஒன்று இருந்தது. மெத்தையின் தடிப்பை அவர் புறப்படுமுன்பே அளந்து வைத்திருந்தார். வேந்தரோ மெத்தைத் தடிப்பைக் கேட்டால் விரலிடுக்கிலே காட்டலாம் என்றிருந்தார்.

கோட்டையைக் காத்து நின்றவள் புதுச்சேரி வழிவந்த ரோசாலி. தமிழ் கேட்டு வருவோர்க்குத் தமிழிலே மறுமொழி தரும் பண்பினள். முழு வரலாற்றையும் பொறுமையாய்க் கேட்டுவிட்டு வினவினாள்: “ஐயாவுக்கு பாரியேர் வேணுமா, சின்னப் பிடி வேணுமா?”

சமையலறையில் கற்ற பிரெஞ்சில் வெங்காயம் உண்டு, வசவு உண்டு, பாரியேர் இல்லை. வேந்தர் விழித்தார்.

“பாரியேர்னா வேலிங்க ஐயா. கட்டில்ல வேலி போட்டுட்டா நீங்க அந்தப் பக்கம் போயிட முடியாது. அம்மாவும் நிம்மதியா தூங்குவாங்க,” என்றாள் ரோசாலி, நல்ல மனத்துடன்.

அந்தோ! அவள் பிறந்த பக்கத்தில் வேலி என்பது ஆடு நுழையாமல் அடைப்பது. யாழ்ப்பாணத்தானுக்கு வேலி என்பது நடுவில் நிற்பது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. வேலிக் கதியால் ஒன்று ஒரு சாண் தள்ளி நட்டதற்காகத் தமையனோடு கோடேறி வழக்காடி, வழக்கு முடியுமுன்பே ஆளுக்கொரு நாடாய்ப் பிரிந்து, இன்றுவரை முகமுழிப்பு இல்லாதவர் நம் வேந்தர். வேலி போட்ட பிறகு கதை இல்லை என்பது அவர் பட்டறிந்த உண்மை. அப்பேர்ப்பட்டவர் காதிலே, கட்டிலுக்கு வேலி, அந்தப் பக்கம் போக முடியாது, அம்மாவுக்கு நிம்மதி என்று மூன்று அம்புகள் அடுத்தடுத்துத் தைத்தால் என்னாகும்?

முகம் சிவந்தது. மீசை துடித்தது. இருமல் மருந்துக்கு வரிசையில் நின்றோரெல்லாம் இருமலை மறந்து திரும்ப, வேந்தர் கர்ச்சித்தார்:

“என்ரை கட்டிலுக்கு நடுவாலை வேலி போட நான் விடமாட்டன்! குறட்டை விடுறன் எண்டு அவ சொன்னவவோ? அதுக்காகப் பங்கு பிரிக்கிறதோ? நாங்கள் பிரியேல்லை, பிள்ளை! பிரியவும் மாட்டம்!”

 தேவியார் மப்ளரால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான் பொத்தினார். ஆனால் கண் கலங்கிவிட்டது. கட்டியவர் தம்மை விட்டுப் பிரியமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லி அவர் அதுவரை கேட்டதில்லை. இப்போது அதை லா ஷப்பலில் பாதிப்பேர் கேட்டுவிட்டார்கள்.

“ஐயோ, நடுவாலை இல்லையப்பா,” என்றார் மெதுவாக. “ஓரத்தாலை. நீங்கள் விழாமலுக்கு.”

“ஓரத்தாலையோ?”

“ஓம்.”

வேந்தர் தொப்பியைச் சரிசெய்தார். நடுவில்லை என்று தெளிந்ததும் வீரம் வேறு திசையில் பாய்ந்தது. ரோசாலி இரண்டையும் எடுத்துவந்து வைத்தாள். ஒன்று தலைமாடு தொட்டுக் கால்மாடு வரை நீளும் நெடுவேலி. மற்றது முழங்கை அகலமே உள்ள வளைபிடி. அதன் அடிப்பலகை மெத்தைக்குக் கீழே போகும். “நீங்க சொந்தமா எழுந்து நடக்கிறவர் ஐயா. முழுசா அடைச்சா இறங்க வழியிருக்காது. தாண்டப் பார்ப்பீங்க, அப்போ விழுந்தா இன்னும் உயரத்திலேருந்து விழுவீங்க. சின்னதே போதும்,” என்று அவள் தெளிவாகவே சொன்னாள். தேவியாரும் நாடாவால் அளந்துபார்த்து, நெடுவேலிக்கும் மெத்தைக்கும் இடையில் கை புகும் இடைவெளி வரும்போல் இருக்கிறதென்று சொன்னார். ஆனால் வேலி என்ற சொல் விழுந்த காதில் வேறு எதுவும் விழவில்லை.

“வேலியெண்டால் முழுக்க அடைக்கோணும். பாதி வேலி மரியாதை இல்லை,” என்று தீர்ப்புரைத்தார் வேந்தர். காட்சிக்கு வைத்திருந்ததைப் பூட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுவரும்படி ரோசாலி கொடுத்துவிட்டாள். அதை ழான்-மார்க்தான் வந்து தூக்கிப் போனான்.

வியாழன் காலை. நெடுவேலி பூட்டிய மஞ்சத்தின் நடுவே, அகழியும் மதிலும் சூழ்ந்த அரசர்க்கரசராய்க் கிடந்த தவரத்தினத்தார், துயிலெழுந்து இடப்பக்கம் புரண்டு, காலிரண்டையும் கீழே தொங்கவிட எத்தனித்து, வேலியில் முட்டி, மீண்டும் எத்தனித்து, மீண்டும் முட்டி, தலைமாட்டில் வழியில்லை, நடுவில் வழியில்லை என்று கண்டு, ஒரு கையால் கம்பியைப் பற்றியிழுக்க, கை வழுக்கி மெத்தைக்கும் வேலிக்கும் இடையில் முழங்கைவரை இறங்கிச் சிக்க, சிக்கிய கையை விடுவிக்கவென்று வலக்காலைத் தூக்கி வேலிக்கு மேலால் எறிந்தார். கால் அப்பால் போனது. ஆள் இப்பால் நின்றார். ஒரு கால் ஆகாயத்திலும் ஒரு கை பாதாளத்திலுமாக அப்படியே இருந்த அந்தக் கணத்தில் வேந்தர் பயந்துவிட்டார்.  திங்கட்கிழமை கண்முன் வந்து நின்றது.

“காலை இறக்குங்கோ!” என்று முழங்கியபடி தேவியார் எட்டி, அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் பின்பக்கத்தை ஒரே பிடியாய்ப் பிடித்தார். உலகில் எத்தனையோ கோட்டைகள் எத்தனையோ வழியில் மீட்கப்பட்டன. இக்கோட்டை சாரத்தைப் பிடித்து மீட்கப்பட்டது. கை விடுபட்டது, கால் திரும்பியது. பின்னர் வேந்தர் தேவியார் கிடந்த பக்கத்தால் மெல்ல ஊர்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தரையிறங்கினார். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

வேந்தர் கோப்பி குடித்து முடித்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: “வேலி பிழையில்லை, சாரதா. கடப்பு இல்லை. அதுதான் பிழை.”

கடப்பு என்றால் வேலியில் ஆள் கடந்துபோக விடுகிற இடம். அதன் ஓரத்தில் உறுதியாய் ஒரு கட்டை நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் வயசுபோனதுகள் கடக்கும். ரோசாலி அவ்வளவு நேரம் நின்று விளக்கியது ஏறாத தலையில், அந்த ஒரு சொல் ஏறிவிட்டது. ஆள் இறங்க வழி வேண்டும். பிடிக்க மட்டும் கட்டை வேண்டும். “உந்தச் சின்னதைத்தான் அந்தப் பிள்ளையும் சொன்னது,” என்றார் தேவியார். “ஓம், ஆனால் கடப்பு எண்டு சொல்லேல்லையே,” என்றார் வேந்தர், விட்டுக்கொடாமல்.

வெள்ளியன்று நெடுவேலி திரும்பிப் போனது, வளைபிடி வந்தது. ரோசாலி முகத்தில் எதையும் காட்டவில்லை. அளவு கேட்டாள், தேவியார் நாடாவைக் காட்டினார். அடிப்பலகை நகராமல் இருக்க அதன் வாரைக் கட்டிலின் மறுகரைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டவேண்டும் என்றும், காலையில் ஒருமுறை ஆட்டிப்பார்த்து, தளர்ந்திருந்தால் உடனே இறுக்கவேண்டும் என்றும், வளைபிடிக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி விடவே கூடாது என்றும் சொன்னாள். இம்முறை வேந்தர் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டார்.

மறுகரை என்பது தேவியார் படுக்கும் பக்கம். ழான்-மார்க் மெத்தையை உயர்த்திப் பிடிக்க, வார் இரட்டைக் கட்டிலின் முழு அகலத்தையும் கீழால் கடந்துபோய், தேவியாரின் தலையணைக்கு நேரே சட்டத்தில் முடிச்சேறியது. அந்த முடிச்சைத் தேவியார் தாமே இன்னொருமுறை இறுக்கினார்.

சனிக்கிழமை பின்னேரம். நிரோஜினி வந்தாள். கையில் போன், போனில் கட்டில் கொடுப்போரின் இலக்கம். கதவு நிலையில் கைகட்டி நின்றாள். அவள் முகத்தில் இருந்தது கோபம் என்று வேந்தர் நினைத்தார். அது கோபமில்லை. செவ்வாய்க்கிழமை முதல் ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அவளுக்கு நெஞ்சு பதைத்துக்கொண்டிருந்தது.

“நான் என்ரை இடத்திலை படுத்துக்கொள்ளுறன். எப்பவும் போலை எழும்பட்டும்,” என்று சொல்லி, தேவியார் மறுபக்கம் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண் துடித்தது.

கார் து நோர் நிலையம் நோக்கி ரயில்கள் விரைய, மேம்பாலம் அதிர, கீழ்த்தெருவில் கார்கள் ஹோர்ன் என்னும் போர்முரசு முழக்க, தவரத்தினத்தார் மெல்லப் புரண்டு, முழங்கை ஊன்றி, கால்களை ஒன்றன்பின் ஒன்றாய்த் தாழ்த்தி, விளிம்பில் அமர்ந்து, தலைச்சுற்று அடங்கும்வரை பொறுத்து, பாதத்தை அகல வைத்து, வளைபிடியை இடக்கையால் பற்றி, பற்றிய கையிலே ஒரு வாழ்நாளின் தாச்சிப்பாரம் முழுவதையும் ஏற்றி, பலகை அசையாது, வார் தளராது, மறுகரைச் சட்டம் நெரியாது நிற்க, முழங்கால்கள் முனகிப் பணிய, இடுப்பு நிமிர, முதுகு நிமிர, தோள் நிமிர, யார் கையும் தீண்டாமல், எவர் தோளும் தேடாமல், விரிப்பு ஒரு சுருக்கமும் காணாமல், இரட்டைக் கட்டிலின் காவலராய், ஒற்றை மெத்தையை ஓடஓட விரட்டிய உத்தமராய், எழுந்து நின்றார்.

நிரோஜினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி வெளியறைக்குப் போனாள். திங்கட்கிழமைக் கட்டில் வேண்டாம் என்று அவள் பிரெஞ்சில் சொல்வது கேட்டது. வேந்தர் மார்பை விரித்தார், தொண்டையைச் செருமினார், திசையெட்டும் கேட்க வெற்றிமுழக்கம் செய்ய வாய் திறந்தார்.

“எழும்பினதுதான் எழும்பினியள், தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டு விடுங்கோ,” என்றார் சாரதாதேவி.